தண்ணீரின் தரத்தை ஓர் எண் சொல்லுமா?

சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்குள் இன்று நான்கு வகைத் தண்ணீர் வருகிறது. குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், சொந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், குடிப்பதற்குக் கேன் தண்ணீர். முதல் மூன்றும் பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே தரைமட்டத் தொட்டியில் கலந்து, ஒரே மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, ஒரே குழாயில் இறங்குகின்றன. கலந்தபின் அதன் தரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல எவரும் இல்லை. வாரியத்தின் கடமை வாசலில் உள்ள இணைப்போடு முடிகிறது. லாரிக்காரரின் கடமை தொட்டி நிரம்பியதும் முடிகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் வீட்டு உரிமையாளரின் தலையெழுத்து.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்திருப்பது பேனா வடிவிலான ஒரு சிறு கருவி. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர் அதைத் தண்ணீரில் நனைக்கிறார். 850 என்றோ 1,200 என்றோ ஓர் எண் ஒளிர்கிறது. அதுதான் 'டி.டி.எஸ்.' எனப்படும், நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் தண்ணீரைப் பற்றிய வாதங்கள் எல்லாம் இந்த எண்ணைச் சுற்றியே நடக்கின்றன. முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், எந்த எண்ணைக் கண்டாலும் அது எதை அளக்கிறது என்று முதலில் கேட்பது என் வழக்கம்.

அந்தக் கருவி உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதால், அந்த அளவைக் கொண்டு உப்பின் அளவைக் கணித்துக் காட்டுகிறது. அவ்வளவே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவரையறை (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. உலக சுகாதார அமைப்போ இந்த எண்ணுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. 1,000-ஐத் தாண்டினால் சுவை கெடும் என்பதே அதன் கருத்து.

ஆனால், மனிதரை மருத்துவமனைக்கு அனுப்பும் நுண்ணுயிர்களைப் பற்றி இந்த எண் ஒரு சொல்லும் சொல்லாது. குடிநீர்க் குழாய்க்குள் சிறிதளவு கழிவுநீர் கசிந்தாலே காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கான கிருமிகள் வந்துவிடும்; கருவியில் எண் அசையக்கூட அசையாது. 150 காட்டும் நீர் ஒரு குழந்தையைப் படுக்கையில் தள்ளலாம். 900 காட்டும் நீர் காப்பியின் சுவையைக் கெடுப்பதோடு நின்றுவிடலாம். அதே தரவரையறை, எந்த 100 மில்லி லிட்டர் மாதிரியிலும் 'ஈ.கோலை' நுண்ணுயிர் தென்படவே கூடாது என்கிறது. குளோரின் இட்டுச் சுத்திகரித்த நீர் நுகர்வோரை அடையும்போது அதில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நாம் கேட்க வேண்டிய எண் அந்த 0.2. அதை வீட்டில் அளந்து பார்த்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கழிவுநீர் குழாய்க்குள் எப்படி நுழைகிறது? புழல், செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து புறப்படும் நீர் தரமானதே. சிக்கல் இடைவழியில். நாள் முழுவதும் அழுத்தத்துடன் நீர் ஓடும் குழாயில் விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியுமே தவிர, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. ஒரு நாளில் சில மணி நேரம் மட்டுமே நீர் வரும் குழாய் மற்ற நேரங்களில் வெறுமையாகக் கிடக்கிறது. அப்போது அருகில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் கசிவு அதே விரிசல் வழியாக உள்ளே புகுகிறது. போதாக்குறைக்கு, வீட்டு வாசலில் அடிபம்பையோ, சட்டத்துக்குப் புறம்பாக மோட்டாரையோ பொருத்தி நீரை உறிஞ்சுகிறோம். உறிஞ்சும்போது குழாய்க்குள் ஏற்படும் எதிரழுத்தம் சுற்றியுள்ள அழுக்கை இழுத்து வருகிறது. நான் உறிஞ்சும் நீரால் நோயுறுவது நானாக இருக்க வேண்டியதில்லை. தெருவின் கடைசியில், மோட்டார் வாங்க இயலாத வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பொருளியலில் இதைப் 'புறவிளைவு' என்போம்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், உயிரிழப்புகள் நேர்ந்ததும் நினைவிருக்கலாம். குடிநீரில் கழிவுநீர் கலந்ததா, இல்லையா என்ற வாதம் அரசியல் வாதமாக மாறி ஓய்ந்தது. அந்தத் தெருக்களின் குழாய்களில் முந்தைய வாரங்களில் எவ்வளவு குளோரின் எஞ்சியிருந்தது என்ற விவரம் நாள்தோறும் பொதுவெளியில் இருந்திருந்தால், வாதத்துக்கே தேவை இருந்திருக்காது.

உப்பின் கதை வேறு. அது கடற்கரை நகரத்துக்கே உரியது. 1772-இல் ஜார்ஜ் டவுனில் தோண்டப்பட்ட ஏழு கிணறுகளிலிருந்துதான் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் சென்றது. அந்தப் பகுதிக்கு இன்றும் ஏழுகிணறு என்றே பெயர். கடலுக்கு இவ்வளவு அருகில் நன்னீர் கிடைத்ததற்குக் காரணம், மணற்பாங்கான நிலத்தில் இறங்கும் மழைநீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதப்பதுதான். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதற்குத் தனித்தனியே கணக்குச் சொன்னார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நன்னீர் 1 மீட்டர் உயரம் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் படித்தால்தான் அதன் கடுமை விளங்கும். மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறிவரும்.

வடக்கே மீஞ்சூர் பகுதியில் நடந்தது இதுவே. விவசாயத்துக்கும் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தொடர்ந்து நீர் எடுக்கப்பட்டதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. தெற்கே திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையிலான மணற்படுகையும் அதே ஆபத்தில் இருக்கிறது. இதைத் தடுக்க 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நீர்மட்டம் உயரவும் செய்தது. 2005-இல் பெய்த பெருமழைக்கும் அதில் பங்குண்டு என்றாலும், அந்தத் திட்டம் சென்னை கண்ட நல்ல திட்டங்களில் ஒன்று என்பதே என் மதிப்பீடு. அன்று அமைத்த குழிகளில் எத்தனை இன்று தூர்வாரப்பட்டிருக்கின்றன என்பது வேறு கேள்வி.

உப்புநீரைக் குடிக்காமல் இருந்துவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். குடிப்பது ஒரு நாளைக்கு ஒருவருக்குச் சில லிட்டர்தான். எஞ்சிய நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர் குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரின் உள்ளேயும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

முதலில் குளியலறை. நீரின் கடினத்தன்மைக்குத் தரவரையறை கூறும் வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 600. அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீர் நம் நகரில் அரிதன்று. அந்த நீரைச் சூடாக்கும்போது கீசரின் வெப்பக் கம்பிமீது சுண்ணாம்புப் படிவு ஏறுகிறது. வெப்பம் வெளியேற இயலாமல் கம்பியின் உறை அளவுமீறிச் சூடாகிறது; உப்பு அரிப்பும் சேர்ந்து ஒருநாள் விரிசல் விடுகிறது. உள்ளிருக்கும் மின்சாரம் நீருக்கு வருகிறது. நன்னீரைவிட உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். டி.டி.எஸ். கருவி காட்டும் எண், நோயைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் குளியலறை மின்கசிவைப் பற்றி அதிகம் சொல்கிறது என்றால் மிகையாகாது!

வீட்டின் மின்பெட்டியில் உள்ள 'எம்.சி.பி.' நம்மைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகின்றனர். அது கம்பிகளைக் காக்கும் கருவி. பல ஆம்பியர் மிகை மின்சாரம் பாய்ந்தால்தான் அது விழும்; மனித உயிரைப் பறிக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் 'ஆர்.சி.சி.பி.' என்ற கருவி வேறு. பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது. இருக்கும் வீடுகளிலும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பவர் குறைவு. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை அழுத்த வேண்டும். மின்சாரம் நின்றால் கருவி வேலை செய்கிறது, நிற்காவிட்டால் மின்பணியாளரை அன்றே அழைக்க வேண்டும். கீசரின் அழுத்தம் வெளியேறும் வால்வும் இதே சுண்ணாம்பால் அடைபடக்கூடும். அடைபட்ட வால்வுடன் வெப்பக் கட்டுப்பாடும் பழுதானால் கொதிகலன் வெடிக்கும். ஆண்டுக்கொரு முறை கீசரைத் திறந்து சுத்தம் செய்வது கடினநீர் வரும் வீடுகளில் ஆடம்பரச் செலவாகாது.

அடுத்தது ஆசிட். தரையிலும் கழிப்பறையிலும் படியும் உப்புக்கறையை நீக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. தெருவில் கூவி விற்பவரிடம் வாங்கி, பழைய குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் உண்டு. அதைத் தண்ணீரென்று எடுத்துக் குடித்த குழந்தைகளின் உணவுக்குழல் வெந்துபோவதை மருத்துவர்கள் அறிவார்கள். இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் இந்த அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சிறிதான, கதவு சாத்திய கழிப்பறையில் அது மூச்சை அடைக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்களே பெரும்பாலும் இதற்கு ஆளாகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் பளிச்சென்று இருக்கும் என்று அவர்களிடம் சொல்லும் எசமானிகளும் இருக்கிறார்கள்.

தரைமட்டத் தொட்டி, அதாவது சம்ப், சென்னை வீடுகளின் தனி அடையாளம். மாடித் தொட்டிக்கு ஏறும் அழுத்தம் குழாயில் இல்லாததால் வீட்டுக்கு வீடு பள்ளம் தோண்டினோம். மூடி சரியில்லாத சம்பில் குழந்தைகள் விழுகிறார்கள். நெடுநாள் மூடிக்கிடந்த சம்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட செய்திகளைப் படித்துக்கொண்டேயிருக்கிறோம். நீர்மூழ்கி மோட்டாரின் இணைப்பைத் துண்டிக்காமலே இறங்குவதும் நடக்கிறது. மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, மேலே ஒருவர் கயிற்றுடன் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. கூலிக்கு வருபவர் 'பரவாயில்லை சார்' என்றாலும் கூடாது.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். கம்பி பொதிந்த கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐ.எஸ். 456 தரவரையறை. கடலோரப் பகுதிகளில் கட்டடம் எழும்பிய வேகத்தில், கிடைத்த கிணற்று நீரிலேயே கலவை போட்டவர்கள் உண்டு. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. சன்ஷேடின் அடியில் கம்பியின் நேர்கோட்டில் செந்நிறக் கறையும் விரிசலும் தென்பட்டால், வண்ணம் பூசி மறைப்பதற்குமுன் பொறியாளரிடம் காட்டுவது நல்லது.

மீண்டும் குடிநீருக்கு வருவோம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது. டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் இதைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. நடைமுறையில் எதுவும் மாறவில்லை. தென்சென்னையில் இது ஒரு விசித்திரமாகவே முற்றியிருக்கிறது. நெம்மேலியில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்புள்ள கடல்நீரை இதே ஆர்.ஓ. முறையில், 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவிட்டுக் குடிநீராக்குகிறார்கள். அங்கு 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் முதல் நிலையமும், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுடன் இரண்டாவது நிலையமும் செயல்பாட்டுக்கு வந்தன. பொதுப்பணத்தில் உப்பு நீக்கிய அந்த நீரை வீட்டில் மறுபடியும் உப்பு நீக்கி, பாதிக்கு மேல் சாக்கடையில் விடுகிறோம்.

ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம் என்பதன்று என் வாதம். கழிவுநீரோ, பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளின் கசிவோ இறங்கிய நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்திருக்கலாம். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அங்கே ஆர்.ஓ. பயன்படும். குழாய்த் தண்ணீரில் கிருமிதான் அச்சம் என்றால், கொதிக்க வைப்பதே போதும். எது நம் வீட்டுச் சிக்கல் என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். கிண்டி கிங் ஆய்வு நிலையம் போன்ற அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. இயந்திரத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் சோதனைக் கட்டணத்துக்கு யோசிப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

கேன் தண்ணீரைப் பொறுத்தவரை, வாங்குபவருக்குத் தரம் தெரியாது, விற்பவருக்குத் தெரியும். இத்தகைய சந்தையில் தரமான பொருள் மெல்ல மெல்ல விரட்டப்படும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார். அதே 1970-இல்தான் ஆல்பர்ட் ஹிர்ஷ்மனின் சிறு நூலும் வந்தது. ஒரு நிறுவனத்தின் சேவை சீர்கெடும்போது மக்களுக்கு இரு வழிகள் உண்டு என்றார் அவர்: விலகிப் போவது, குரல் எழுப்புவது. உரக்கக் குரல் எழுப்பக்கூடியவர்கள் முதலில் விலகிவிட்டால், சேவை இன்னும் சீர்கெடும். சென்னைக் குடிநீரில் நாம் காண்பது அதுவே. அதிகாரி, வழக்கறிஞர், பேராசிரியர், பத்திரிகையாளர் எல்லோரும் கேனுக்கும் ஆர்.ஓ.வுக்கும் போய்விட்டோம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பவர்கள், வாரியத்தின் தொலைபேசி ஒலித்தாலும் எடுக்கப்படாதவர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும், குடங்களுடன் வரிசையில் நின்றவர்கள் அவர்களே.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஒடிசாவின் புரி, நம்மைப் போலவே வங்கக் கடலோர நகரம். 2021 ஜூலை முதல் அங்கே 24 மணி நேரமும் குழாயில் நேரடியாகக் குடிக்கத்தக்க நீர் வழங்கப்படுகிறது. சென்னையைவிட மிகச் சிறிய நகரம் அது. ஒப்பீட்டில் அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆயினும், 'ஜலசாத்தி' எனப்படும் உள்ளூர்ப் பெண்கள் வீடுதோறும் சென்று நீரின் தரத்தைச் சோதித்துக் காட்டும் ஏற்பாட்டைச் சென்னையில் ஒரு பகுதி அலுவலக எல்லையிலாவது தொடங்கிப் பார்க்கலாம்.

நாள் முழுவதும் அழுத்தத்துடன் நீர் வழங்க, பழைய குழாய்களை மாற்ற வேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் பொருத்த வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளும் அரசியல் துணிவும் தேவை. ஆனால், நகரெங்கும் குழாய் நீர் மாதிரிகளை எடுத்து, குளோரின் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது குடிநீர் வாரியத்தின் அன்றாட வேலைகளுள் ஒன்று. ஏரிகளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நாள்தோறும் தன் இணையதளத்தில் வெளியிடுவதும் அதே வாரியம்தான். அந்தப் பக்கத்திலேயே, எந்தத் தெருவின் கடைசிக் குழாயில் நேற்று குளோரின் 0.2-க்குக் கீழே இறங்கியது என்ற பட்டியலையும் சேர்த்து வெளியிடுவதற்கு ஒரு மீட்டர் குழாய்கூடப் புதிதாகப் பதிக்க வேண்டியதில்லை.